டயர் பெரிசு, ஷெட் சிறிசு!

கும்மிடிப்பூண்டி சிப்காட், கவரைப்பேட்டை என்று எங்கள் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் பிக்-அப் வண்டி நிற்கும். பக்கத்தில் ஆந்திர எல்லையில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு பிக்-அப் தயாராகிறது. தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் டயர் தொழிற்சாலையே இருக்கிறது. "ரோடெல்லாம் பள்ளம், மழை வந்தா முழங்கால் தண்ணி. கொஞ்சம் பெரிய டயராப் போட்டுடலாம்" என்று வீட்டுக்காரருக்கு ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் சகோதரிகளே, அந்த வண்டி ராத்திரி வந்து நிற்கப் போவது நம் வீட்டு ஷெட்டில். நம் குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான்! ஆகவே டயர் வாங்கும் முன் அளவு டேப்பை நாம் கையில் எடுப்போம்.

மாருதி 800 ஓடிய காலத்தில் கட்டிய ஷெட்டா? அந்தக் காரின் நீளம் சுமார் 11 அடி. இசுசு டி-மேக்ஸ் 17 அடிக்கு மேல்! முதலில் நீளத்தைப் பாருங்கள்.

அடுத்தது உயரம். டயரின் பக்கவாட்டில் 245/70 ஆர் 16 என்பது போல எழுதியிருக்கும். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம். 16 என்பது நடுவிலுள்ள இரும்பு வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் உயரம் சுமார் 75 செ.மீ. அதற்குப் பதில் 265/70 ஆர் 16 போட்டால் சுமார் 78 செ.மீ. வண்டி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதி, ஒன்றரை செ.மீ.தான். மேல் பாதி டயர் வண்டியைத் தூக்குவதில்லையே!

'இவ்வளவுதானா' என்று விட்டுவிடாதீர்கள். பாரம் இறக்கிய வண்டி, பட்டைகள் தளர்ந்து இன்னும் மேலே எழும்பும். காலையில் சரக்கோடு இடிக்காமல் போன வண்டி, சாயங்காலம் காலியாக வரும்போது இடிக்கலாம். ரோட்டை மேலே மேலே போட்டு, நம் வாசல் பள்ளமாகி விட்டதா? வண்டி சரிவில் இறங்கும்போது பின்பக்கம் தூக்கி நிற்கும். அதனால் காலி வண்டியை, மேலே கேரியர் இருந்தால் அதோடு சேர்த்து அளக்க வேண்டும். ஷட்டர் சுருண்ட பிறகு அதன் அடிவிளிம்பு வரைக்கும் அளந்து, அரை அடியாவது இடைவெளி விடுங்கள். பக்கவாட்டில் கதவு திறந்து இறங்க 2 அடி வேண்டும்.

கம்பெனி அனுமதித்த அளவைத் தாண்டிப் போடாதீர்கள். டயர் மட்கார்டில் உரசும். ஸ்பீடாமீட்டரும் நிஜ வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது. வண்டி உயர உயர, அருகில் நிற்கும் சின்னக் குழந்தை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. ஹார்ன் அடித்தால் இரண்டு வயதுக் குழந்தைக்கு விலகத் தெரியுமா? அதனால் வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்: பெரியவர் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் பார்க்கும் இடத்தில் நின்ற பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். ஷட்டரை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட விடவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளையே கொல்லும்.

கழற்றின பழைய டயர்களை ஷெட்டு ஓரத்தில் அடுக்காதீர்கள். உள்ளே மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீர் காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரியும். டயர்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

டயர் விலையை அவர் விசாரிக்கட்டும். ஷெட்டின் நீளம், அகலம், உயரத்தை ஒரு தாளில் எழுதி, போகும்போது அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்!