கணக்கு தவறிய வகுப்பு

கலிபோர்னியாவில் ஆரவாரத்துடன் தொடங்கிய இணையவழிப் பாடத்திட்டம் ஆறே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அது விட்டுச்சென்ற பாடம் இன்றும் பழசாகிவிடவில்லை.

2013 ஜனவரி 15. கலிபோர்னியா மாநில கவர்னர் ஜெர்ரி பிரவுன், ஸான் ஹோஸே அரசுப் பல்கலைக்கழகத்தின் தலைவர் முகமது கயூமி, யுடாஸிடி என்ற புதிய நிறுவனத்தின் அதிபர் ஸெபாஸ்டியன் த்ருன் ஆகிய மூவரும் ஒன்றாகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். அடிப்படைக் கணிதம், கல்லூரி அல்ஜீப்ரா, புள்ளியியல் ஆகிய மூன்று பாடங்களை இனி இணையத்திலேயே படிக்கலாம். கட்டணம் 150 டாலர். தேறினால் பல்கலைக்கழகத்தின் முறையான மதிப்பெண் புள்ளிகளே கிடைக்கும். வெறும் சான்றிதழ் அல்ல.

ஆசையைத் தூண்டும் அறிவிப்புதான். கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகள் நிதி வெட்டால் திணறிக்கொண்டிருந்த காலம் அது. கட்டாயப் பாடங்களில்கூட இடம் கிடைக்காமல் மாணவர்கள் பட்டம் வாங்குவது தள்ளிப்போயிற்று. மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த புதுமுக மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ கல்லூரிக்குத் தேவையான அடிப்படைத் திறன் இல்லை. அந்த இடைவெளியை முதல் ஆண்டுக்குள் நிரப்பாவிட்டால் படிப்பையே தொடர முடியாத ஆபத்து இருந்தது. குறைந்த செலவில், இடத் தட்டுப்பாடு இல்லாமல், வேண்டியபோது படிக்கலாம் என்ற வாக்குறுதி இவர்களுக்கு எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாக்குறுதியை நம்பக் காரணமும் இருந்தது. 2011 இலையுதிர் பருவத்தில் த்ருனும் பீட்டர் நார்விக்கும் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இலவசமாக இணையத்தில் திறந்துவிட்டபோது ஒரு லட்சத்து 60 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். அந்த உற்சாகத்தில் பிறந்ததுதான் யுடாஸிடி. அடுத்த ஆண்டு கோர்ஸெரா, எட்எக்ஸ் என்று வரிசையாகப் புதிய அமைப்புகள் முளைத்தன. ஐம்பது ஆண்டுகளில் உலகத்தில் உயர்கல்வி தரும் நிறுவனங்கள் பத்தே பத்துதான் மிஞ்சும் என்று த்ருன் ஆரூடம் சொன்ன காலம் அது.

ஸான் ஹோஸே வகுப்பில் சேர்ந்தவர்கள் சுமார் 300 பேர். அந்தப் பருவம் முடிந்து வந்த முடிவுகள் எல்லோரையும் திகைக்க வைத்தன. புள்ளியியலில் தேறியவர்கள் 50.5 சதவீதம். அல்ஜீப்ராவில் 25.4. அடிப்படைக் கணிதத்தில் 23.8, அதாவது நான்கு பேரில் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை. அதே பாடங்களை வகுப்பறையில் படித்தவர்கள் இதைவிடக் கணிசமாக அதிகமாகத் தேறியிருந்தார்கள். ஜூலையில் திட்டத்துக்கு 'இடைவேளை' விடுவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

தொழில்நுட்பம் பழுதாகியிருந்தால் காரணம் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் காணொளிகள் ஒழுங்காகவே ஓடின. மாணவர்கள் பாதியில் ஓடிப்போகவும் இல்லை. 83 சதவீதம் பேர் கடைசிவரை நின்றார்கள். இலவச இணையப் பாடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நடுவழியில் நழுவிவிடுவது வழக்கம் என்பதை நினைத்தால் இது அபூர்வமான பிடிவாதம். நின்றார்கள், ஆனால் தேறவில்லை. சங்கடமே அங்குதான்.

முதல் காரணம், யாருக்கு இந்தப் பாடம் என்பதில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பாடத்துக்குத் தேடி வந்தவர்கள் ஆர்வம் உந்த வந்தவர்கள். அவர்களிலும் சுமார் 23 ஆயிரம் பேர்தான் முடித்தார்கள். ஒரு லட்சத்து 60 ஆயிரத்தில் 23 ஆயிரம் பிரமிக்க வைக்கும் எண்ணிக்கைதான். ஆனால் அதை விகிதமாக்கினால் ஏழில் ஒருவர். ஸான் ஹோஸேயிலோ அடிப்படைக் கணிதத்தில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் அதே பாடத்தில் ஏற்கெனவே தோற்றவர்கள். இன்னொரு பகுதியினர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அவர்களில் சிலருக்கு வீட்டில் கணினியே இல்லை என்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது. நீச்சல் தெரிந்தவர்களைக் கரை சேர்த்த படகு என்று பெயரெடுத்துவிட்டு, அதில் நீச்சல் தெரியாதவர்களை ஏற்றிய கதை.

இரண்டாவது காரணம் அவசரம். அறிவிப்பு வந்த அதே மாதத்திலேயே வகுப்பும் தொடங்கிவிட்டது. ஆசிரியர்கள் ஒருபுறம் பாடத்தைத் தயாரித்துக்கொண்டே மறுபுறம் நடத்த வேண்டியிருந்தது. சந்தேகம் கேட்க ஆலோசகர்கள் இருந்தார்கள். ஆனால் அப்படி ஓர் உதவி இருக்கிறது என்பதே பல மாணவர்களுக்குச் சரியாகச் சென்று சேரவில்லை. பின்னர் நடந்த ஆய்வு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: தேர்ச்சியை நிர்ணயித்ததில் மாணவரின் பின்னணியைவிட, அவர் எத்தனை பயிற்சிக் கணக்குகளைப் போட்டு அனுப்பினார் என்பதே முக்கியம். கணக்கைப் போட வைப்பது யார்? வகுப்பறையில் அதற்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் நேற்று வரவில்லை என்று கேட்பதும் அவர்தான்.

அந்தக் கோடையில் மறுபடி நடந்த வகுப்புகளின் முடிவு வந்தபோது ஆதரவாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். புள்ளியியலில் தேர்ச்சி 83 சதவீதம், அல்ஜீப்ராவில் 72. பாடங்களில் திருத்தங்கள் செய்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மாணவர்களும் மாறியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். பள்ளி மாணவர்கள் 12 சதவீதம்தான். அடிப்படைக் கணிதம் மட்டும் அப்போதும் 30 சதவீதத்தைத் தொடவில்லை. யாருக்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ அவர்களுக்கு அது இன்னமும் எட்டாக்கனிதான். சராசரியை மட்டும் பார்த்து வெற்றி என்று முழங்கியிருந்தால் இந்த விஷயம் மறைந்தே போயிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், சரியான வழிக்கு உதாரணம் அதே வளாகத்திலேயே இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவரான அனந்த் அகர்வாலின் தலைமையில் இயங்கிய எட்எக்ஸ் அமைப்பின் மின்சுற்றுப் பாடத்தை 2012-லேயே ஸான் ஹோஸே பரிசோதித்திருந்தது. மாணவர்கள் காணொளியை வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பு நேரம் முழுக்க ஆசிரியர் முன்னிலையில் கணக்குப் போடுவார்கள். தேர்ச்சி 91 சதவீதம். வழக்கமான வகுப்புகளில் அது 60 சதவீதத்தைக்கூட எட்டியதில்லை. அதே மின்சுற்றுப் பாடம் 2012 தொடக்கத்தில் உலகத்துக்கே திறந்துவிடப்பட்டபோது ஒரு லட்சத்து 55 ஆயிரம் பேர் பதிவு செய்து 7,157 பேர் தேறினார்கள். பாடம் ஒன்றுதான். பக்கத்தில் ஆசிரியர் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

தோல்வியை ஒப்புக்கொள்ள த்ருன் தயங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தங்களிடம் இருப்பது தரமற்ற சரக்கு என்று 2013 நவம்பரில் பத்திரிகைப் பேட்டியில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அவர் எடுத்த முடிவு, பாடத்தை அந்த மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றுவது அல்ல. யுடாஸிடி வேறு மாணவர்களைத் தேடிப் போயிற்று. வேலையில் இருப்பவர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சியில் இறங்கியது. 2024-இல் அக்ஸென்சர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. வியாபாரமாகப் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில் தோற்ற மாணவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

அவருடைய பிரச்சினைக்குக் கலிபோர்னியா பிறகு வேறு வழி கண்டது. 2018 இலையுதிர் பருவம் முதல் மாநிலப் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் புள்ளி தராத அடிப்படைப் பாடங்களையே கைவிட்டன. மாணவர்களை நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, கூடவே கூடுதல் பயிற்சி தருவது என்று முடிவாயிற்று. காசும் நேரமும் அதிகம் பிடிக்கும் ஏற்பாடுதான்.

இந்தியாவிலும் இணைய வகுப்பு இன்று புதுமை அல்ல. ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் ஆகியவற்றில் லட்சக்கணக்கானோர் பதிவு செய்கிறார்கள். 2020-இல் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பே தொடங்கியது. அதில் சேர விரும்புகிறவர் முதலில் சில வாரப் பாடங்களைப் படித்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுத வேண்டும். யாருக்குப் பாடம் என்ற கேள்வியை வாசலிலேயே கேட்டுவிடும் முறை அது.

ஆனால் வாசலில் தேறாதவர்களும் இந்த நாட்டு மாணவர்கள்தான். ஒரு கைபேசியை வீட்டில் மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்களை 2020-இன் ஊரடங்கு எல்லோர் கண்ணுக்கும் காட்டியது. இனி எந்த இணையப் பாடத்தைத் தொடங்குபவரும் எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று பெருமையோடு அறிவிக்கும்போது, அவர்களில் முன்பு தோற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் தேறியவர்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பது நியாயம்.