டெம்போ என்றால் என்ன?

பாட்டு வகுப்பில் ஒருநாள் சகோதரி, “டெம்போவைக் கவனியுங்கள்” என்றார். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி உடனே சன்னல் வழியே சாலையைப் பார்த்தாள்! நாங்கள் சிரித்துவிட்டோம். எண்ணிப் பார்த்தால் அவள்மீது தவறில்லை. நம் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் டெம்போ என்றுதானே பெயர்?

டெம்போ என்பது இத்தாலியச் சொல். இலத்தீனில் காலத்தைக் குறிக்கும் ‘டெம்புஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. இசையில் அது பாட்டின் வேகத்தைக் குறிக்கும். ‘அந்தாந்தே’ என்றால் நடக்கும் வேகம். ‘அல்லெக்ரோ’ என்றால் உற்சாகமான விரைவு. 1815-இல் மேல்ட்சல் என்பவர் உரிமம் பெற்ற ‘மெட்ரோனோம்’ கருவி இவ்வேகத்தை எண்ணால் அளக்க உதவியது.

ஜெர்மானியர் இச்சொல்லை ‘வேகம்’ என்றே வழங்கினர். ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்று தன் சிறு சரக்கு வண்டிகளுக்கு ‘டெம்போ’ என்று பெயரிட்டது. அதன் கூட்டுறவோடு 1958-இல் நம் நாட்டில் ‘பஜாஜ் டெம்போ’ தோன்றியது. 2005-இல் அந்நிறுவனத்தின் பெயர் மாறியபோதிலும், மக்கள் வாயில் டெம்போ நிலைத்துவிட்டது.

இத்தாலியர் ‘டெம்போ’ என்று பொழுதையும், வானிலையையும், இலக்கணக் காலத்தையும் சொல்வர். நம் ‘காலம்’ என்ற சொல்லும் அப்படித்தான் அன்றோ! மழைக்காலம் என்கிறோம், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்கிறோம். கர்நாடக இசையில் வர்ணத்தை முதல் காலத்தில் பாடிப் பின் இரண்டாம் காலத்தில் இரட்டித்துப் பாடுகிறோம். தொலைதூரத்து இரு மொழிகள் ஒரே வழியில் எண்ணியிருப்பது வியப்பே!

ஆனால் பொருளை அறிந்தால் மட்டும் போதுமா? கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகையில் பெரிய வகுப்பினராகிய நாங்கள் உற்சாகத்தில் விரைந்து பாடினோம். பாடி முடித்த பிறகுதான், மூச்சு வாங்கிய தங்கைகள் பாதியிலேயே நின்றுவிட்டதை அறிந்தோம். சன்னலைப் பார்த்தவளின் கண்கள் கலங்கியிருந்தன. அவளைப் பார்த்துச் சிரித்த நாங்கள்தாம் டெம்போவைக் கவனிக்கவில்லை!

இசைத்தாளில் ‘ஆ டெம்போ’ என்றொரு குறிப்பு உண்டு. ‘பழைய வேகத்துக்குத் திரும்பு’ என்பது அதன் பொருள். அன்று நாங்களும் திரும்பினோம். தங்கைகளை முன்வரிசையில் நிறுத்தி, அவர்களுடைய மூச்சுக்கு ஏற்ப மீண்டும் பாடினோம். இம்முறை கடைசி அடிவரை எல்லாக் குரல்களும் கேட்டன.