எதிர்காலவியல் சங்கங்களும் உறுப்பினர் சேர்க்கையும்

எதிர்காலவியல் என்பது இனி நிகழக்கூடியவற்றை முறைப்படி ஆராயும் துறையாகும். நடந்து முடிந்ததை வரலாறு ஆராய்வது போல, நடக்க இருப்பதையும் நடக்கக்கூடியதையும் இத்துறை ஆராய்கிறது. இத்துறையில் ஈடுபாடு உள்ளவர்கள் ஒன்றுகூடி அமைத்தவையே எதிர்காலவியல் சங்கங்கள். சந்தா செலுத்தி எவரும் சேரக்கூடிய சங்கங்கள் சில. அழைப்பின் பேரில் மட்டுமே உறுப்பினரை ஏற்பவை சில. இச்சங்கங்கள் தோன்றிய வரலாறு, அவற்றின் வகைகள், ஆய்வு முறைகள், சேர விரும்புவோர் அறிய வேண்டியவை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சோதிடமும் எதிர்காலவியலும்

எதிர்காலத்தை ஆராய்வது என்றவுடன் பலருக்கும் சோதிடம் நினைவுக்கு வரும். இரண்டும் வேறு வேறானவை. எதிர்காலம் ஒன்றே, அது முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பது சோதிடத்தின் அடிப்படை. எதிர்காலம் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை, பல எதிர்காலங்களுக்கு வாய்ப்பு உண்டு என்பது எதிர்காலவியலின் அடிப்படை. ஆகவே இத்துறையினர் எதிர்காலம் என்பதைப் பன்மையில் 'எதிர்காலங்கள்' என்றே வழங்குவர்.

அவர்கள் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார்கள். எவையெல்லாம் நிகழக்கூடும்? அவற்றுள் எது நிகழும் வாய்ப்பு மிகுதி? எது நிகழ வேண்டும் என்று நாம் விரும்புகிறோம்? முதல் இரண்டு கேள்விகளுக்குத் தரவுகள் உதவும். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அந்த எதிர்காலத்தில் வாழப்போகும் மக்களே. இத்துறைக்கு நிபுணர் குழுக்கள் மட்டும் போதாமல் சங்கங்கள் தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

தோற்றம்

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1932இல் பிபிசி வானொலியில் ஆற்றிய உரையில், வரலாற்றுப் பேராசிரியர்கள் ஏராளமாக இருக்கும்போது எதிர்காலத்தை ஆராயும் பேராசிரியர் ஒருவர்கூட இல்லையே என்று கேட்டார். 1940களில் ஜெர்மானிய அறிஞர் ஒசிப் பிளெக்ட்ஹைம் இத்துறைக்குப் 'பியூச்சராலஜி' என்று பெயரிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகை ஆய்வு பெரும்பாலும் இராணுவத் திட்டமிடலுக்கும் பெருநிறுவனங்களுக்கும் பயன்பட்டது. பொதுமக்களும் இதில் பங்கேற்க வேண்டும் என்ற எண்ணம் 1960களில் வலுப்பெற்றது.

சங்கங்களின் வகைகள்

யாவருக்கும் திறந்த சங்கம்: உலக எதிர்காலச் சங்கம் 1966இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தொடங்கப்பட்டது. இதை நிறுவியவர்களுள் முதன்மையானவர் பத்திரிகையாளர் எட்வர்டு கார்னிஷ். பட்டம், பதவி எதுவும் கேட்காமல் சந்தா செலுத்திய எவரையும் இச்சங்கம் ஏற்றது. 1967 முதல் 'தி பியூச்சரிஸ்ட்' என்ற இதழை வெளியிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு வெளிவந்த அவ்விதழ் பின்னர் நின்றுபோனது.

ஆய்வாளர் கூட்டமைப்பு: உலக எதிர்கால ஆய்வுகள் கூட்டமைப்பு 1973இல் பாரிசில் நிறுவப்பட்டது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெர்த்ராண் த ஜூவனெல் இதன் முதல் தலைவர். பல நாட்டுப் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் கொள்கை வகுப்போரும் இதில் உறுப்பினர்களாக உள்ளனர்.

அழைப்பு வழி உறுப்பினர் சேர்க்கை: ரோம் கழகம் 1968இல் தொடங்கப்பட்டது. இதில் விண்ணப்பித்துச் சேர இயலாது. இக்கழகத்திற்காகத் தயாரிக்கப்பட்டு 1972இல் வெளியான 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற அறிக்கை உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. மக்கள் தொகை, உணவு, தொழில் உற்பத்தி, இயற்கை வளம், மாசு ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கும் என்பதை அது கணினி வழியே ஆராய்ந்தது. அது பல சாத்தியங்களை வரைந்து காட்டிய நூல். ஆனால் உலகம் அழியும் நாளைக் குறித்துச் சொன்ன நூல் என்று இன்றும் சிலர் தவறாக எண்ணுகின்றனர்.

தொழில்முறைச் சங்கம்: எதிர்கால ஆய்வையே தொழிலாகக் கொண்டவர்களுக்காகத் தொழில்முறை எதிர்காலவியலாளர் சங்கம் 2002இல் தொடங்கப்பட்டது.

தேசியச் சங்கங்களும் உண்டு. பின்லாந்தில் 1980இல் எதிர்கால ஆய்வுச் சங்கம் தோன்றியது. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எதிர்காலத்துக்கான குழு ஒன்று 1993 முதல் செயல்படுகிறது.

ஆய்வு முறைகள்

இத்துறையில் மிக எளிய முறை போக்கை நீட்டிப் பார்த்தல். கடந்த 20 ஆண்டுகளில் ஓர் ஊரின் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, அடுத்த 20 ஆண்டுகளைக் கணிப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

டெல்பி முறையில், நிபுணர்களிடம் தனித்தனியே கருத்துக் கேட்கப்படும். பெயர் குறிப்பிடாமல் எல்லார் கருத்தும் எல்லாருக்கும் காட்டப்பட்டு, மீண்டும் கேட்கப்படும். ஒருவரது செல்வாக்குக்கு மற்றவர் அடிபணியாமல் இருக்க இது உதவும்.

காட்சி வரைதல் முறையில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்காலங்கள் கதைபோல விரித்து எழுதப்படும். ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் டேட்டர், எதிர்காலம் பற்றிய கற்பனைகள் அனைத்தையும் நான்கு வகைக்குள் அடக்கினார். இன்றைய வளர்ச்சி தொடர்தல், சரிவு, கட்டுப்பாட்டுடன் வாழ்தல், முற்றிலும் உருமாறுதல் என்பவையே அவை.

இந்தியாவில்

இந்திய அரசு 1988இல் தொழில்நுட்பத் தகவல், முன்கணிப்பு மற்றும் மதிப்பீட்டுக் குழுவை அமைத்தது. சுருக்கமாக இது 'டைபாக்' எனப்படும். இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இதன் தலைவராக இருந்தபோது, 2020ஆம் ஆண்டை நோக்கிய தொழில்நுட்பத் தொலைநோக்கு அறிக்கைகள் உருவாயின. அவற்றின் அடிப்படையில் அவரும் ஒய். எஸ். ராஜனும் எழுதிய 'இந்தியா 2020' நூல் 1998இல் வெளிவந்தது. ஆனால் டைபாக் ஓர் அரசு அமைப்பு. பொதுமக்கள் சந்தா செலுத்தி அதில் உறுப்பினராக முடியாது.

தமிழ்நாட்டில் எளிதில் சேரக்கூடிய நெருங்கிய அமைப்பு தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1980இல் தொடங்கிய இது எதிர்காலவியல் சங்கம் அன்று. அறிவியலை மக்களிடம் கொண்டு செல்லும் உறுப்பினர் அமைப்பு. எனினும் 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழகத்தில் இவ்வியக்கம் ஒருங்கிணைத்து வருகிறது. அதில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை நேரில் ஆராய்ந்து தீர்வு சொல்கிறார்கள். எதிர்காலவியலின் தொடக்கப் பயிற்சியும் இதுவே.

புதுக்கோட்டை மாவட்டம் காட்டும் மூன்று பாடங்கள்

முதலாவது அறிவொளி இயக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய இவ்வியக்கத்தில் மாவட்ட நிர்வாகமும் அறிவியல் இயக்கத்தினரும் தன்னார்வலர்களும் இணைந்து நின்றனர். அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவித்ததால் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியும் சேர்ந்தது. வயல் வேலை செய்வோர், கல்குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். முந்தைய 20 ஆண்டுப் போக்கை நீட்டிப் பார்த்த எவரும் இதைக் கணித்திருக்க முடியாது. சிலர் விரும்பினர், பலர் கூடி உழைத்தனர், போக்கு மாறியது. விரும்பும் எதிர்காலம் பற்றிய மூன்றாவது கேள்வியின் வலிமை இது.

இரண்டாவது கஜா புயல். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த இப்புயல் மாவட்டத்தின் தென்னை, பலா மரங்களை ஒரே இரவில் சாய்த்தது. தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். வாய்ப்புக் குறைவு என்று ஒதுக்கப்படும் நிகழ்வும் ஒரு தலைமுறையின் கணக்கை மாற்றிவிடும் என்பதால், எதிர்காலவியலார் இத்தகையவற்றைத் தனிப் பட்டியலாக வைத்து ஆராய்கின்றனர்.

மூன்றாவது நெடுவாசல். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து இவ்வூரில் மக்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 2020இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியபோது, காவிரிப் படுகை மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் 5 ஒன்றியங்களும் அதில் சேர்க்கப்பட்டன. எரிசக்தி வேண்டும் என்பதும் ஓர் எதிர்காலம். விளைநிலம் வேண்டும் என்பதும் ஓர் எதிர்காலம். எதைத் தேர்வது என்பதைவிட, தேர்ந்தெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே அங்கு எழுந்த அடிப்படைக் கேள்வி.

சேருமுன் கவனிக்க வேண்டியவை

ஒரு சங்கத்தில் சேர விரும்புவோர் கீழ்க்காண்பவற்றைக் கவனித்தல் நலம்.

1. சங்கம் 'இதுதான் நடக்கும்' என்று அடித்துச் சொல்கிறதா, அல்லது பல சாத்தியங்களைக் காரணத்தோடு விளக்குகிறதா? உறுதி கூறி விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.
2. முன்னர்ச் சொன்னவை எந்த அளவு சரியாயின, எவை பொய்த்தன என்று சங்கமே வெளிப்படையாகப் பேசுகிறதா?
3. சந்தாவுக்கு என்ன கிடைக்கும்? இதழ், கூட்டம், பயிற்சி ஆகியவற்றுள் நம்மால் பயன்படுத்த முடிந்தவை எவை? மாணவர்களுக்குச் சலுகைச் சந்தா உண்டா?
4. சங்கத்தின் செலவுக்குப் பணம் தருபவர் யார்? ஒரு தொழிலைச் சார்ந்த நிதியில் நடக்கும் சங்கம் அத்தொழிலுக்குச் சாதகமான எதிர்காலத்தையே காட்டக்கூடும்.
5. உறுப்பினருக்கு வேலை உண்டா? அடையாள அட்டையும் சான்றிதழும் மட்டும் தரும் சங்கத்தால் பயன் குறைவு.

பள்ளியிலேயே தொடங்கலாம்

வெளிநாட்டுச் சந்தா கட்ட இயலாத மாணவர்களும் இத்துறையைப் பயிலலாம். ஐந்தாறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, தம் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளட்டும். வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் கண்மாய்களே உயிர்நாடி. பெரியவர்களிடம் கேட்டு, கடந்த 30 ஆண்டுகளில் அது எத்தனை முறை நிரம்பியது, வரத்துவாய்க்கால் எங்கு அடைபட்டது, சுற்றிலும் தைலமரம் எவ்வளவு பரவியது என்று குறித்துக்கொள்ளலாம். பின்னர் 2050இல் அந்தக் கண்மாய் எப்படி இருக்கும் என்று டேட்டரின் நான்கு வகைகளிலும் ஒவ்வொரு பக்கம் எழுதலாம்.

இறுதியாக, நான்கில் எது வேண்டும் என்று குழுவே விவாதித்து, அதற்கு இந்த ஆண்டு செய்ய வேண்டிய முதல் வேலையைத் தேர்ந்து, கிராம சபைக் கூட்டத்தில் முன்வைக்கலாம். கிராம சபையில் வாக்களிக்கும் வயது வராதவர்கள் பெற்றோர் வழியாகவோ ஆசிரியர் வழியாகவோ அதை அளிக்கலாம். 2050இல் அந்தக் கண்மாய் நீரை நம்பி வாழப்போகிறவர்கள் இன்று வகுப்பறையில் இருப்பவர்களே.