மூன்று குழந்தைகளுக்கு ஒரு கார்: வாங்கும் முன் பின்னிருக்கையை அளந்து பாருங்கள்

மகப்பேற்றுப் பிரிவிலிருந்து தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில் மருத்துவமனை வாசலில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. பின்னிருக்கையில் தாய் அமர்ந்திருப்பார். அவர் மடியில் பிறந்த குழந்தை. அருகில் பாட்டி, அவர் மடியில் மூன்று வயதுக் குழந்தை. ஆறு வயது மூத்த பிள்ளை முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருப்பான். 'சிதம்பரம் வரைக்கும்தானே, மெதுவாகத்தான் போவோம்' என்று குழந்தையின் தந்தை எங்களுக்கு ஆறுதல் சொல்வார்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் செல்லும் அந்தத் தேசிய நெடுஞ்சாலை நான்குவழிச் சாலையாக்கும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சாலை அகலமாகும்போது வேகமும் கூடுகிறது. நாம் மெதுவாகச் சென்றாலும் பின்னால் வரும் பேருந்தும் எதிர்ப்படும் லாரியும் மெதுவாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

'மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள், பெரிய கார் வாங்கப் போகிறோம், எதை வாங்கலாம்?' என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. கார் நிறுவனங்களைப் பரிந்துரைப்பது எங்கள் பணி அன்று. எனினும் எந்த அளவுகோலைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பது குழந்தை மருத்துவத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

தாய்மடி ஏன் போதாது?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். மோதிய கார் நிற்பதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது என்று கொண்டால், அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தை ஏறக்குறைய 140 கிலோ போலக் கனக்கும். அது கிட்டத்தட்ட இரண்டு நெல் மூட்டைகளின் எடை. மூன்று கிலோ சிசுவே 40 கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கைகளாலும் அதைப் பிடித்து நிறுத்த இயலாது. இதில் அன்பின் குறை ஏதுமில்லை. மனிதத் தசையின் வரம்பு அவ்வளவுதான்.

தாயின் பெல்ட்டையே குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்தானது. மோதலில் தாயின் உடல் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும்.

சிசுவின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்து எலும்புகள் அப்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆகவேதான் கைக்குழந்தையைக் காரின் பின்புறம் நோக்கி அமர்த்த வேண்டும் என்கிறோம். மோதலின் விசையை அப்போது இருக்கையின் முதுகுப்பகுதி முழுவதுமாகத் தாங்கிக்கொள்ளும். கழுத்து தனியே இழுபடாது. கார்களில் முறையாகப் பொருத்தப்பட்ட குழந்தை இருக்கை, ஒரு வயதுக்குட்பட்டோரின் இறப்பு அபாயத்தை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ளோரின் அபாயத்தை 54 விழுக்காடும் குறைப்பதாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணித்துள்ளது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

மூன்று பருவம், மூன்று இருக்கை

முதலாவது, பின்னோக்கி அமரும் இருக்கை. பிறந்த நாள் முதல் குறைந்தது 15 மாதம் வரை இது தேவை. இருக்கையின் எடை, உயர வரம்பு அனுமதிக்கும் வரை தொடர்வது நன்று. இரண்டாவது, தோளையும் இடுப்பையும் பிணைக்கும் ஐந்துமுனைப் பட்டை கொண்ட, முன்னோக்கி அமரும் இருக்கை. இது ஏறத்தாழ நான்கு வயது அல்லது 18 கிலோ வரை. மூன்றாவது, பூஸ்டர். காரின் பெல்ட் கழுத்திலும் வயிற்றிலும் அழுத்தாமல் தோளிலும் இடுப்பெலும்பிலும் படியும்படி குழந்தையை இது உயர்த்தி அமர்த்துகிறது. குழந்தை 145 முதல் 150 செ.மீ. உயரத்தை எட்டும்வரை, அதாவது பெரும்பாலும் 10 முதல் 12 வயது வரை, இது தேவைப்படும்.

ஆகவே மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் பல ஆண்டுகள் ஒரே நேரத்தில் மூன்று இருக்கைகள் இருக்கும். காரைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய முதல் உண்மை இதுவே.

ஐந்து பேர் காரில் மூன்று இருக்கை பொருந்துமா?

ஒரு குழந்தை இருக்கையின் அகலம் பொதுவாக 44 செ.மீ. அளவில் இருக்கும். மூன்றுக்கு 132 செ.மீ. வேண்டும். பின்னிருக்கையில் அமரும் மட்டத்தில் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை அளந்து பாருங்கள். கதவின் கைதாங்கியும் பெல்ட் மாட்டும் கொக்கிகளும் இதில் சில செ.மீ. எடுத்துக்கொள்ளும். சிறிய கார்கள் பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடுகின்றன.

அகலம் போதுமானால் அடுத்து மூன்றைக் கவனியுங்கள். ஐசோஃபிக்ஸ் எனப்படும் உலோகக் கொக்கிகள் பெரும்பாலான கார்களில் பின்னிருக்கையின் இரு ஓரங்களில் மட்டுமே உள்ளன. ஆகவே நடு இருக்கையில் வைப்பது பெல்ட்டால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நடு இருக்கையின் பெல்ட் தோளையும் தாங்கும் மூன்றுமுனைப் பெல்ட்டா, இடுப்பை மட்டும் சுற்றுவதா என்று பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் அது இடுப்புப் பெல்ட்டாகவே இருக்கிறது. அதில் பூஸ்டரைப் பயன்படுத்தவே கூடாது. மூன்றாவதாக, நடு இருக்கை மேடுபட்டிருந்தால் குழந்தை இருக்கை ஆடும்.

பின்னோக்கும் இருக்கை முன்பின்னாகவும் இடம் கேட்கும். அதற்காக ஓட்டுநர் இருக்கையை முன்னே தள்ளிவிடாதீர்கள். ஓட்டுநரின் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளியேனும் இருக்க வேண்டும்.

மூன்று வரிசை வண்டிகள்

நம் ஊர்க் குடும்பங்களில் பாட்டியோ தாத்தாவோ உடன் வராத பயணம் அரிது. பின்னிருக்கையில் மூன்று குழந்தை இருக்கைகள் வந்துவிட்டால் ஐந்து பேர் காரில் அவர்களுக்கு இடமில்லை. அப்போது குழந்தைகளில் ஒருவர் மீண்டும் மடிக்கே வந்துவிடுவார். எனவே இயன்றவர்கள் எர்டிகா, ட்ரைபர், காரென்ஸ், இன்னோவா போன்ற மூன்று வரிசை வண்டிகளைப் பார்ப்பதில் பொருள் உண்டு. ஆனால் ஏழு பேர் அமரலாம் என்பதாலேயே மூன்று குழந்தை இருக்கைகள் எளிதில் அமைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களிலும் குழந்தை இருக்கைகளைப் பொருத்திவிட்டால், அவற்றை மடக்கி மூன்றாம் வரிசைக்குச் செல்லும் வழி அடைபட்டுவிடும். நடுவே நடைவழி விட்டுத் தனித்தனி இருக்கைகள் அமைந்த ஆறு இருக்கை ரகங்களில் இந்தச் சிக்கல் இல்லை. கடைசி வரிசையில் பூஸ்டருடன் மூத்த பிள்ளையை அமர்த்துவதானால், அங்கே மூன்றுமுனைப் பெல்ட்டும் தலைதாங்கியும் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்கண்ணாடியை ஒட்டிப் பெட்டிகளைக் குவிக்காதீர்கள். மோதலில் அவையும் பறந்து வந்து தாக்கும். ஒரே பெயருள்ள வண்டியிலும் ரகத்துக்கு ரகம் இவை மாறுபடும். நீங்கள் வாங்கப்போகும் ரகத்தையே பாருங்கள்.

நட்சத்திரங்கள் எதைச் சொல்கின்றன?

2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' என்னும் மதிப்பீட்டு முறை நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. இதில் குழந்தைகள் பாதுகாப்புக்குத் தனியே 49 மதிப்பெண்கள். மோதல் சோதனைக்கு 24, குழந்தை இருக்கைகள் சரியாகப் பொருந்துவதற்கு 12, வண்டியில் உள்ள வசதிகளுக்கு 13 எனப் பிரித்திருக்கிறார்கள். விளம்பரத்தில் கண்ணில் படும் நட்சத்திரங்களோடு நிற்காமல் இந்தப் பகுதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மோதல் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயது என இரண்டு குழந்தைப் பொம்மைகளையே அமர்த்துகிறார்கள். மூன்று இருக்கைகள் ஒரே வரிசையில் அடங்குமா என்னும் உங்கள் கேள்விக்கு நட்சத்திரங்களில் விடை இல்லை. அதற்கு ஒரே வழி, குழந்தைகளையும் இருக்கைகளையும் ஷோரூமுக்கு அழைத்துச் செல்வதுதான். முன்பணம் கட்டும் முன் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். மூன்று பெல்ட்டுகளையும் மாட்டுங்கள். கதவுகளை மூடுங்கள். பொருத்திய இருக்கையைப் பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் அது இரண்டரை செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பூஸ்டரில் அமரும் பிள்ளையின் பெல்ட் கொக்கி பக்கத்து இருக்கையின் கீழே புதைந்துவிடாமல் கை எட்டும்படி இருக்க வேண்டும். பின்னோக்கும் இருக்கையை நடுவிலும் முன்னோக்கும் இருக்கைகளை ஓரங்களிலும் மாற்றி வைத்தால், இடிக்கும் இருக்கைகள் சில நேரம் பொருந்திவிடும்.

பெரிய கார் வாங்க இயலாதவர்களுக்கு

எல்லோராலும் புதிய வண்டி வாங்க முடியாது என்பதை நாங்கள் அறிவோம். இருக்கும் காரிலேயே, அகலம் குறைந்த இருக்கைகளைத் தேர்ந்தெடுப்பதால் பலருக்குச் சிக்கல் தீரும். மூன்றையும் ஒரே மாதத்தில் வாங்க இயலாதெனில், கைக்குழந்தைக்கானதை முதலில் வாங்குங்கள். மற்றவர்கள் அதுவரை தனித்தனி இடத்தில் பெல்ட் அணிந்து அமரட்டும். விலை குறைவு என்று, விபத்தில் சிக்கியதா எனத் தெரியாத பழைய இருக்கையை வாங்காதீர்கள்.

வேறு வழியே இல்லாமல் ஒரு பிள்ளை முன்னால் அமர நேர்ந்தால், மூத்த பிள்ளையைப் பூஸ்டரில் அமர்த்தி, இருக்கையை முழுவதும் பின்னுக்குத் தள்ளிவிடுங்கள். ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கும் இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். விரியும் ஏர்பேக் சிசுவின் தலைக்குப் பின்னால் பேரடியாக விழும்.

மோட்டார் சைக்கிளில் ஐவராகப் பயணம் செய்வதைவிட அரசுப் பேருந்திலோ ரயிலிலோ செல்வது மிகப் பாதுகாப்பானது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே இரண்டு வசதியும் உண்டு.

இரண்டு மருத்துவக் குறிப்புகள்

பிறந்த குழந்தைகளை, சிறப்பாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களை, நெடுநேரம் சாய்ந்த இருக்கையில் விட்டால் தலை முன்னே கவிழ்ந்து மூச்சு தடைபடலாம். பயணத்தின்போது ஒருவர் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். இடையிடையே வண்டியை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். வீடு சேர்ந்ததும் அந்த இருக்கையிலேயே உறங்கவிட வேண்டாம். குறைமாதக் குழந்தையின் பெற்றோர் வீடு திரும்பும் முன் எங்களிடம் பேசுங்கள்.

கத்திரி வெயிலில் நிறுத்திய காரில் பெல்ட்டின் உலோகக் கொக்கி தோலைச் சுடும். அமர்த்தும் முன் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான் என்றாலும் பூட்டிய காருக்குள் குழந்தையை விட்டுச் செல்லாதீர்கள்.

முதல் சில நாள்கள் குழந்தைகள் அழுவார்கள். மடிக்கு வரக் கை நீட்டுவார்கள். ஒவ்வொரு பயணத்திலும், பக்கத்துத் தெருவுக்கே ஆனாலும், வழக்கமாக்கிவிட்டால் சில வாரங்களில் பழகிவிடுவார்கள். அடுத்த முறை தடுப்பூசிக்கு வரும்போது உங்கள் காரின் பின்னிருக்கை அளவையும் குழந்தைகளின் எடை, உயரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்தக் குழந்தைக்கு எந்த இருக்கை என்பதை நாங்கள் உங்களோடு அமர்ந்து முடிவு செய்கிறோம்.