நர்ஸ் பயிற்சியும் குப்பத்து ஜனங்களும்

2023-ம் வருஷம் மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் பத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டதை நாடு மறந்திராது. மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. அது உடலில் பார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். வாந்தியும் வயிற்றுவலியும் கண்டு, பார்வை மங்கி, மூச்சு வாங்கும். அதற்குள் குறியறிந்து, டயாலிஸிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் உயிரும் கண்ணும் தப்பக்கூடும்.

அக்குறியை முதலில் காணக்கூடியவர் யார்? நகரத்து நிபுணரல்லர், கிராம சுகாதார நர்ஸும், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸுமே. சாராயம் குடித்தவன் போலீஸுக்கு அஞ்சி உண்மையை மறைப்பான். அவன் மனைவியிடம் பக்குவமாக வினவி விஷயத்தை அறியும் திறமையை எந்த வார்டும் கற்பிக்காது. வார்டில் வைத்தியர் அருகிலிருக்கிறார். குப்பத்திலோ நர்ஸின் நிதானமே துணை.

1946-ல் போர் கமிட்டி கிராமங்களை நோக்கிய சுகாதார சேவையை வற்புறுத்திற்று. நர்ஸ் பாடத்திட்டத்திலும் சமூக சுகாதாரப் பயிற்சி இடம்பெற்றிருக்கிறது. அது வருகைப் பதிவோடு நின்றுவிடலாகாது. மாணவ மாணவியர் மீனவர் குப்பங்களிலும் உப்பளங்களிலும் தேர்ந்த நர்ஸின் மேற்பார்வையில் போதிய நாள் பழகவேண்டும். அத்திறமையும் பரீக்ஷைக்குரியதாதல் வேண்டும். சர்க்கார் இதைச் செய்யுமாக!