காந்தம் திருப்பும், உந்தாது

நிலைக்காந்தங்களை வட்டமாக அடுக்கி, மின்சாரமே இல்லாமல் ஓயாது சுழலும் மோட்டாரின் காணொளியை அனுப்பி, ‘இது சாத்தியமா?’ என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர். சாத்தியமில்லை. பிளஸ் ஒன்னில் படித்த புள்ளிப் பெருக்கலே இதற்குப் போதும்.

ஓடும் மின்துகளை மின்புலமும் தள்ளும், காந்தப்புலமும் தள்ளும். நொடிக்கு எவ்வளவு ஆற்றல் துகளுக்குப் போகிறது என்று அறிய, விசையையும் திசைவேகத்தையும் புள்ளிப் பெருக்கல் செய்ய வேண்டும். ஓட்டத்தின் திசையில் விழும் விசையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும் கணக்கு அது. தேர் இழுப்பதுபோலத்தான். வடம் தேரின் போக்கிலேயே நீண்டால் முழுப் பலன். 60 டிகிரி சாய்த்து இழுத்தால் பாதி. 90 டிகிரியில் இழுப்பவருக்குப் புண்ணியம் உண்டு, தேருக்குப் பயனில்லை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரோ தேரை இழுப்பதே இல்லை. வீதி முனையில் திருப்பிவிடுகிறார். காந்தப்புலம் அவர்தான். (முட்டுக்கட்டை தேய்ந்து சூடாகும், தேரை நிறுத்தவும் செய்யும், காந்தப்புலம் அதுகூடச் செய்யாது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அச்சு முறியும்.)

காந்த விசை பிறப்பது திசைவேகம், காந்தப்புலம் இரண்டின் குறுக்குப் பெருக்கலில். அதனால் அது எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்து. செங்குத்தானவற்றின் புள்ளிப் பெருக்கல் பூஜ்யம். புலம் எவ்வளவு வலுவானாலும் பூஜ்யம்தான். சமன்பாட்டுக்குள் இரண்டு புலங்கள் நுழைந்து, மின்புலம் மட்டும் தனியே வெளியே வருவது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு: மாக்ஸ்வெல் 1873-இல் தம் நூலில் மின்காந்தச் சமன்பாடுகளைக் கூறுகளாகவும் குவாட்டர்னியன்களாகவும் எழுதியதை, ஹெவிசைடும் கிப்ஸும் 1880-களில் இன்றைய வெக்டர் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இது போதும்.

‘அப்படியானால் காந்தம் ஆணியை இழுக்கிறதே?’ இழுக்கிறது. ஒட்டும்போது கிடைத்த ஆற்றலைப் பிய்த்தெடுக்கும்போது திருப்பித் தரவேண்டும். முழுச் சுற்றில் மிச்சம் ஒன்றுமில்லை. உராய்வையும் சேர்த்தால் நஷ்டம். அந்த மோட்டார் ஓயாமல் ஓடுகிறது என்றால் எங்கோ பேட்டரி ஒளிந்திருக்கிறது. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நிஜமான காந்த வித்தை பார்க்க வேண்டுமென்றால் ஜெனீவா அருகே உள்ள செர்ன் இருக்கிறது. அங்கே 27 கி.மீ. சுற்றளவுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவியில், 8 டெஸ்லாவுக்கு மேல் புலம் தரக்கூடிய வளைப்புக் காந்தங்கள் 1,232 இருக்கின்றன. புரோட்டானின் பாதையைத் திருப்புவதோடு அவற்றின் வேலை சரி. ஆற்றலை ஏற்றுவது மின்புலம். அதற்கு ஒரு கற்றைக்கு 8 ரேடியோ அலை அறைகள்தான்.