தண்ணீர் இறங்காத வாஷிங் மெஷினும் சட்டைப் பைச் சில்லறையும்

இரவு கடை கட்டி வீடு திரும்பும் வியாபாரியின் சட்டைப் பையில் என்னென்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சில்லறை, நோட்டுக் கட்டிலிருந்து கழற்றிய ரப்பர் பேண்டு, கொள்முதல் சிட்டை, அதில் குத்திய பின். போதாக்குறைக்கு மூட்டையிலிருந்து ஒட்டிக்கொண்ட சணல் இழை வேறு. மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றால் வியாபாரிகள் வீட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இவற்றைத்தான். பம்பை மாற்றச் செலவழிப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்ப்பது நல்லது.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். உள்ளே தண்ணீர் நிற்கும்போது முன்கதவு திறக்காது; அதை நெம்பித் திறக்கவும் வேண்டாம்.

அடுத்து பின்புறமுள்ள கழிவுநீர்க் குழாய். மெஷினைச் சுவரோடு தள்ளியதில் அது மடங்கியிருக்கலாம். செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் பொதுவாகப் பம்பு கிடையாது, தண்ணீர் தானாகவே இறங்க வேண்டும். எனவே குழாய் தரையோடு கிடக்க வேண்டும். கொக்கியில் மாட்டி உயர்த்தி வைத்தால் இறங்காது. குமிழைத் திருப்பியதும் உள்ளே ஒரு ரப்பர் அடைப்பான் தூக்கப்படும். அதை இழுக்கும் பட்டை அறுந்திருந்தால் குமிழ் மட்டும் சும்மா சுற்றும். இதற்கு மோட்டார் போய்விட்டது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

முன்கதவு மெஷினில் பம்பு உண்டு. அங்கே குழாயின் உயரம் பெரும்பாலும் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. வரை இருக்கலாம். எல்.ஜி. மெஷினில் 'ஓ.இ.', சாம்சங்கில் '5 இ' அல்லது '5 சி', போஷில் 'இ 18' என்று காட்டினால் அது தண்ணீர் வெளியேறாத கோளாறுதான்.

இனி முக்கியமான வேலை. முன்பக்கம் கீழே ஒரு சிறு மூடி இருக்கும், அதற்குள் வடிகட்டி. பக்கத்தில் சிறு ரப்பர் குழாய் இருந்தால் அதன் அடைப்பைக் கழற்றி, தாழ்வான தட்டில் தண்ணீரைப் பிடித்துப் பிடித்து ஊற்றுங்கள். ஒரு வாளிக்கு மேலேயே வரலாம். ஆகவே பக்கத்தில் அரிசி மூட்டையோ சர்க்கரைப் பையோ இருந்தால் முன்பே நகர்த்திவிட வேண்டும். பிறகு வடிகட்டியை இடப்புறமாக மெல்லத் திருகிக் கழற்றுங்கள். நூலும் தாளும் பிசைந்த அழுக்கு வரும், நடுவே காசு இருக்கும். வடிகட்டி இருந்த பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் பம்பின் சிறு விசிறி தெரியும். குச்சியால் தள்ளினால் அது விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கையை விட வேண்டாம், உள்ளே பின் இருக்கலாம்.

வடிகட்டியைக் கழுவி இறுக்கிவிட்டு, காலித் தொட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் வெளியேற்றும் சுற்றை மட்டும் ஓடவிடுங்கள். பம்பு உறுமியும் தண்ணீர் வரவில்லையென்றால் அடைப்பு தொட்டிக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள குழாயிலோ வெளிக்குழாயிலோ இருக்கிறது. சத்தமே இல்லையென்றால் பம்போ ஒயரோ பழுது. அது மெக்கானிக் வேலை. அவர் பம்பை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி, விசிறியில் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று அவர் முன்னிலையிலேயே பாருங்கள்.